சூரியன் அணைந்த மத்தியானம்

போன வருடம், பிப்ரவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இடம், தாராவியில் எங்கள் சந்து. சூரியன் அணைந்தபோது அங்கே இருந்தவர்கள் நான், அப்பா, அம்மா, சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமா, தண்ணீர் பிடிக்க டிரம்மோடு நின்ற பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர். இல்லாதவன் ஒரே ஒருவன், என் மாட்டுங்கா நண்பன். அவன் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த அனுபவமே எனக்குக் கிடைத்திருக்காது.

நானும் அவனும் ஐரோலியில் ஒரே ஆபீஸ். அவன் மாட்டுங்காவில் ஏறுவான், நான் சயனில் ஏறுவேன். தானே ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போவோம். லோக்கலில் மற்றவர்கள் போனில் கிரிக்கெட் பார்ப்பார்கள், சீரியல் பார்ப்பார்கள். இவன் சூரியனைப் பார்ப்பான். பூமியைச் சுற்றிக்கொண்டே சூரியனைப் படமெடுக்கும் ஒரு தொலைநோக்கி விண்வெளியில் இருக்கிறது. அது எடுக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் சும்மாவே பார்க்கலாம். நான் பார்த்த முதல் வெடிப்பு முலுண்ட் தாண்டும்போது வந்தது. சூரியனின் ஓரத்திலிருந்து ஒரு நெருப்பு வளைவு மெதுவாக எழும்பியது. அப்பாவின் தையல் மெஷினில் நூல் அறுந்தால் துள்ளுமே, அப்படி ஒரு துள்ளு துள்ளி வெளியே பறந்தது. அந்த வளைவுக்குள் பத்துப் பூமியை வைக்கலாம் என்றான் நண்பன். எங்கள் பெட்டிக்குள் அன்று இன்னும் ஒரு ஆளை வைக்க இடமில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் பல் தேய்க்கும் முன் சூரியனைப் பார்ப்பேன். "இன்னைக்கு வெடிச்சுதாலே?" என்று அம்மா, குக்கர் விசிலைக் கேட்பதுபோலக் கேட்பாள். படங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல நிறத்தில் வரும். ஒருநாள் பச்சைச் சூரியனை மாமாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் பழுக்கலியோ?" என்றார்.

மாமாவுக்கு என் படிப்பின்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படிப்பு அரிசி விலையைக் குறைக்கவில்லை என்ற குறையும் உண்டு. அப்பா வேறு மாதிரி. பை தைக்கும் பட்டறையில் வேலை. ஆயிரக்கணக்கில் பள்ளிக்கூடப் பை தைத்தவர், ஒன்றைக்கூடத் தன் தோளில் மாட்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஒரு ஆசை இருந்தது. அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் சந்துக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் எதற்கும் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவார்கள். காதுகுத்துக்கு, பத்தாவது பாஸுக்கு, புது பைக்குக்கு, ஒருமுறை பல் முளைத்ததற்கும் பார்த்திருக்கிறேன். எல்லோர் பேனரிலும் கீழ் வரிசையில், 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்ற தலைப்பின் கீழ் அப்பாவின் தலை சின்னதாக இருக்கும். எங்கள் வீட்டுக்கென்று ஒரு பேனர் கிடையாது. நான் டிகிரி முடித்தது ஊரடங்குக் காலம். சர்டிபிகேட் போனில் வந்தது. பேனர் கட்டினாலும் பார்க்கத் தெருவில் ஆள் இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். சூரியனின் ஒரு பக்கத்தைக் காணோம். கரடுமுரடான கறுப்பு ஒன்று வட்டத்தைக் கடித்திருந்தது. அடுத்த படத்தில் பாதி போயிருந்தது. அதற்கடுத்த படத்தில் சூரியனே இல்லை. சுத்தக் கறுப்பு.

"யம்மா! சூரியன் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணியின்மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "இந்தா நிக்குல்லா? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

இங்கேதான் என் படிப்பு எனக்குக் குழி பறித்தது. சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடம் ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். தொலைநோக்கியும் பூமிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்கும் அதே எட்டு நிமிடம்தான் ஆகும் என்பது அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. எழுந்து நின்று அறிவித்தேன். "இப்பம் தெரியது பழைய வெளிச்சம். எட்டு நிமிசத்துல இங்கயும் அணைஞ்சிரும்!"

சந்து கேலி செய்யவில்லை, நம்பியது. அதுதான் இன்னும் வலிக்கிறது. படித்த பையன் சொல்கிறான் என்று ஒரு அக்கா காயப்போட்ட மிளகாயை அள்ளினாள். ஒருவர் டார்ச் எடுத்து வந்து அடித்துச் சரிபார்த்தார். மாமா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, கையை நெற்றியில் குடையாக்கி வானத்தைப் பார்த்து நின்றார். அப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. மகன் சொல்லி ஒரு சந்தே நிற்கிறது என்ற நிறைவுதான் இருந்தது.

எட்டு நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெயில் இன்னும் கூடியது.

"ஏலே," என்றார் மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒம் போன்ல எட்டு நிமிசம்ங்கது எம்புட்டு நேரம்?"

நண்பனுக்குப் போன் அடித்தேன். உறவுக் கல்யாணத்துக்காகக் காலையில் பாலக்காட்டுக்கு ரயிலேறியிருந்தான். கொங்கண் மலைச் சுரங்கங்களுக்குள் வண்டி புகுந்து புகுந்து போகும். லைன் கிடைக்கவில்லை. படத்தை அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. இணையத்தில் தேடினேன். உலகம் அழியப் போகிறது என்று பயமுறுத்தும் வீடியோக்களாக வந்தன. ஒன்றில் அழிவுத் தேதிகூடக் கொடுத்திருந்தார்கள், அது அதற்கு முந்தின வருடமே முடிந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துப் படத்தில் சூரியன் மறுபடி வெளியே வந்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

சூரியனில் இருட்டாகத் தெரியும் பகுதிகளை ஓட்டை என்பார்கள் என்று படித்திருந்தேன். இது அதற்கெல்லாம் பெரியண்ணனாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அதை மாமாவிடம் சொல்லவும் செய்தேன். மாமா தன் கண்ணாலேயே போனில் பார்த்தவர். ஒரு நிமிடம் யோசித்தார்.

"இத வேற எவனும் பாக்கலையா?"

"நான் தேடிப் பாத்த வரைக்கும் யாரும் சொல்லல மாமா."

"அப்பம் நீதாம்ல மொதல்ல கண்டுபிடிச்சிருக்க!" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "அத்தான், இதுக்குப் போடாத பேனர் எதுக்கு?"

உறுதியாகட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "பொறுத்தா வேற எவனாவது அடிச்சிருவாம்ல" என்று மாமா சைக்கிளை எடுத்துவிட்டார். அப்பா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பேனருக்குப் போட்டோ எடுக்க வேண்டுமே. அந்தச் சட்டையைப் பார்த்ததும் நானே போட்டோ எடுத்து, சூரியன் படத்தோடு மாமாவுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பேனர் அச்சாகி, மூங்கிலில் கட்டப்பட்டுச் சந்து முனையில் ஏறிவிட்டது. நடுவில் நான் அனுப்பிய கடிபட்ட சூரியன், அதுவும் பச்சையில். அதன்மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட நான். நான் கண்ணாடி போடுவதில்லை. மாமா அதைக் கேட்டதற்கு ஃப்ளெக்ஸ் கடைப் பையன், "பாய், சூரஜ் தேக்தா ஹை தோ காகல் சாஹியே நா?" என்றானாம். சூரியனைப் பார்க்கிற ஆளுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாமா என்று. எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அப்பா, முதல் முறையாகப் பெரிய அளவில். கீழே மாமாவிலிருந்து தொடங்கிச் சொந்தக்காரர் தலைகள், அதற்கும் கீழே மாமாவின் கடை முகவரி. மேலே கொட்டை எழுத்தில்: 'சூரியனில் ஓட்டையைக் கண்டுபிடித்த எங்கள் தாராவித் தங்கமே!'

சந்து முழுக்க வடையும் சாயாவும் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் என்னிடம் ரகசியமாக, புது ஸ்கூட்டர் எடுக்கச் சூரியன் எப்போது நன்றாக இருக்கும் என்று கேட்டார். அப்போது போன் அடித்தது. வண்டி ஏதோ ஸ்டேஷனில் கிராஸிங்குக்கு நின்றிருக்கிறது. நண்பன் மேல் பெர்த்தில் தூங்கி எழுந்து என் படத்தைப் பார்த்திருக்கிறான். சூரியனில் ஓட்டை என்றேன்.

"டேய், ஓட்டையும் இல்லை ஒண்ணும் இல்லைடா! வருஷத்துல ரெண்டு தடவை கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் வரும். டெலஸ்கோப்புக்கும் சூரியனுக்கும் குறுக்கே பூமி வந்து நின்னுண்டு மறைக்கும். நீ பார்த்தது நம்ம பூமியோட முதுகுடா. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்கலையே?"

தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தேன். "இல்லடா," என்றேன். "சொல்லல. கட்டிட்டோம்."

அப்பா பேனருக்குக் கீழேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வடை நீட்டிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிடலாம். எங்கள் சந்தில் அதைக் கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. ஆனால் அப்பாவால் அந்தப் பேனரை வாசிக்க முடியாது. தன்னால் வாசிக்க முடியாத ஒன்றின் கீழே, என்னை நம்பி அவர் நிற்கிறார். போய்ச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே ஆயிற்று.

வடை மெல்லும் சத்தம் நின்றது. மாமாதான் முதலில் பேசினார்.

"ஓட்டை இல்லையா? அப்பம் அந்தக் கறுப்பு என்னதுலே?"

"பூமி மாமா. நம்ம பூமி."

"நம்ம பூமின்னா... தாராவி இருக்குதே, அதா?"

"அதேதான்."

"அப்பம் அந்தப் போட்டோல நாம இருக்கமா?"

"எல்லாரும் இருக்கோம். ஆனா மத்தியானம் நம்ம பக்கம் சூரியனப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. போட்டோல விழுந்தது முதுகுப் பக்கம்."

மாமாவின் முகம் விழுந்தது. "முதுகா? மூஞ்சி தெரியாதா?"

அப்பா நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். "மூஞ்சிதான் பேனர்ல இருக்குல்லா மாப்ள," என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு சந்தே சிரித்தது. வடை மறுபடி நகர்ந்தது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அப்பா பட்டறைக்குப் போய், பைக்குப் போடும் வெள்ளை ரெக்ஸினில் ஒரு துண்டும் பசையும் கொண்டு வந்தார்.

"எந்த எழுத்து பொய்யோ அதக் காட்டு," என்றார்.

ஸ்டூலில் ஏறி 'ஓட்டையை' என்பதைத் தொட்டுக் காட்டினேன்.

"அங்க ஓட்டை இல்ல. பின்ன என்னதான் இருந்துச்சு?"

"நாமதாம்ப்பா இருந்தோம்."

"அப்பம் அதையே எழுது."

பசை தடவி அவர் ஒட்டினார், மார்க்கரில் நான் எழுதினேன். 'சூரியனில் நம்மைக் கண்டுபிடித்த எங்கள் தாராவித் தங்கமே!' நண்பனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். ஒற்றை டிக். மறுபடி சுரங்கம்.

ஜூன் மாதம் மழை தொடங்கியபோது அப்பா இற்றுப்போன தகரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேனரைக் கூரையாக விரித்துக் கட்டினார். அச்சடித்த பக்கம் உள்ளே இருக்கும்படி. வெளியே வைத்தால் சாயம் போய்விடுமாம். இப்போது பரணில் படுத்தால் எனக்கு நேர்மேலே பச்சைச் சூரியனும், வெள்ளைச் சட்டையில் அப்பாவும், குனிந்து பார்க்கும் சொந்தக்காரர் தலைகளும். அதற்குமேல் மழை கொட்டுகிறது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. போனில் புதிதாக எதைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் முதலில் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

ஃப்ளெக்ஸ், மூங்கில், கயிறு, வடை, சாயா எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டார் மாமா. தெரியாததைத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் அப்பா முகம் வாடிவிடாது என்று நான் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆன செலவு, ரெக்ஸின் துண்டு போக, ஆயிரத்து எண்ணூற்று முப்பது ரூபாய்.