சிவப்புப் போர்வைக்காரி

ஏற்காட்டில் ஒரு விடுதியில் நானும் செல்வியும் வேலை பார்க்கிறோம். இருவருமே வரைவோம். எங்கள் ஓவியங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும். ஒருமுறை தங்க வந்த சினிமா இயக்குநர் ஒருவர் என் ஏரிப்படகு ஓவியத்தைத் தாண்டிப் போய், செல்வியின் ஓவியத்தின் முன் நின்றுவிட்டார். பனி மூடிய காப்பித் தோட்டம், நடுவே சிவப்புப் போர்வையில் ஒருத்தி.

"இதை வரைஞ்சது யாரு?"

எனக்கு வயிறு எரிந்தது. "தெரியலைங்க, சேலத்துல வாங்குனதுங்க" என்றேன்.

அந்த இயக்குநரின் அடுத்த படம் வெளிவந்ததும் நானும் செல்வியும் சேர்ந்தே போனோம். திரையில் அதே பனி, அதே தோட்டம், அதே சிவப்புப் போர்வை. செல்வி என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, நான் வரைஞ்சதுங்க! நீங்கதானுங்க அவருகிட்டக் காட்டியிருப்பீங்க. நொம்ப நன்றிங்க்கா."

ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மீதிப் படம் முழுக்க, என் ஏரிப்படகு எங்காவது வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.