குங்குமம் வைத்த சக்கரவர்த்தி

போன மாதம் பேத்திக்குக் கொலுசு வாங்கப் பெரிய கடை வீதிக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பழைய வெள்ளியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கசந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், முப்பத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது நான் காங்கேயம் பக்கம் தாலுகா ஆபீசில் புது கிளார்க். நொய்யல் கரையில் ஒரு ஊர். அங்கே தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டிய குப்புசாமி என்ற விவசாயிக்கு ஒரு கலயம் நிறைய வெள்ளிக் காசு கிடைத்திருந்தது. சேதி சொல்லி அனுப்பியவரும் அவரேதான். வாங்கி வர என்னை அனுப்பினார்கள். நான் பி.ஏ. வரலாறு என்பது ஒரு காரணம். அந்த வெயிலில் போக வேறு யாருக்கும் மனமில்லை என்பது இன்னொன்று.

அவர் மனைவி பழனியம்மாள் காசுகளைப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவி, பித்தளைத் தட்டில் பரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். ஒவ்வொரு காசிலும் கூர்மூக்கோடு ஒரு முகம். ஒவ்வொரு நெற்றியிலும் குங்குமம்.

"ஏனுங்க, இவரு எந்த ஊருச் சாமிங்க?"

சாமியில்லை, கடலுக்கு அப்பால் ரோமாபுரியில் இருந்த ராஜா என்றேன். நம் மிளகுக்கும் இந்தப் பக்கத்துப் பச்சைக் கல்லுக்கும் கப்பலேறி வந்த காசு, இரண்டாயிரம் வருஷம் இருக்கும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. படித்த காலத்தில் ரோம் எனக்கு வெறும் பத்து மதிப்பெண் கேள்வி. இங்கே அது என் உள்ளங்கையில் ஈரமாகக் கிடந்தது.

இப்போது அந்த ராஜ்யம் யார் கையில் இருக்கிறது என்று குப்புசாமி கேட்டார். அழிந்துவிட்டது என்று சொல்லி, வீழ்ச்சிக்கான காரணங்களை வரிசையாக ஒப்பித்தேன். நான்காவதோடு மறந்துபோனது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பழனியம்மாள் வாசல் பக்கம் திரும்பி, "அம்மணி, இங்க வா கண்ணு" என்றார். நாலு வயது மகள் கொலுசு குலுங்க ஓடி வந்தாள். பழனியம்மாள் அதைக் கழற்றித் தட்டில் காசுகளோடு வைத்தார்.

"என்னன்னு தெரியாம, மொதல்ல கெடச்ச நாலு காசை ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கிப்போட்டேனுங்க. இதுலயும் அவரு இருக்காருங்க."

சட்டப்படி எழுதினால் கேஸ். கொலுசைக் கையில் எடுத்தேன். படையும் கப்பலும் கிரீடமும் உருகி, ஒரு குழந்தையின் கணுக்கால் சூட்டோடு இருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் குனிந்து குழந்தையின் காலிலேயே மாட்டிவிட்டேன். காசுகளைப் பற்றி மட்டும் அறிக்கை எழுதினேன். உத்தியோகத்தில் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான். பழனியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

போன வாரம் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டையும் காணோம், தோப்பையும் காணோம். அந்த இடத்தில் ஒரு நூல் மில் எழும்பி, ஓடி, நொடித்து, இப்போது கூரைத் தகடுகூட இல்லாமல் நிற்கிறது. கேட்டருகே உட்கார்ந்திருந்த காவலாளியிடம் குப்புசாமி, பழனியம்மாள் என்று இரண்டு பேரையும் சொல்லி விசாரித்தேன். நல்ல மனிதர், பொறுமையாக யோசித்தார்.

"அப்படி ஆருமே இங்க இருந்ததில்லீங்களே."