முதல் வாய் ஹொசியத்துக்கு

பக்கத்து வீட்டு ஹொசியத் அக்காவோடு காலம் தள்ள இரும்பு மனசு வேண்டும். எங்கள் மார்கிலான் ஊர்ச் சந்தையில் முலாம்பழக்காரன் முதலில் ஒரு கீற்றைத் தின்று காட்டினால்தான் அவள் வாங்குவாள். ரொட்டியைப் பிய்த்து மோந்து பார்ப்பாள், ரொட்டிக்காரன் தலையிலடித்துக்கொள்வான். கல்யாணப் பெண்களுக்கு மெத்தை தைப்பது அவள் தொழில். பஞ்சு கொண்டுவந்தவர்களைத் தையல் முடியும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். "அப்புறம் பஞ்சைத் திருடிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க, எனக்குத் தெரியாதா?" என்பாள்.

பிறவியிலேயே இப்படி இல்லை. வேலைக்கென்று ருஷ்யா போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். தெருவுக்கே தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப்பின் அவள் நம்பிய ஒரே ஜீவன் பரோக், அவளுடைய சடைப்பூனை. ராத்திரி அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். அது மட்டும் பொய் சொல்லாது என்பாள்.

பனி உருகத் தொடங்கிய சமயம், ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி சூப் கொடுத்தனுப்பினேன். மிச்சத்தைப் பரோக் நக்கியிருக்கிறது. மறுநாள் அதற்குத் தும்மல், கண்ணில் நீர், சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவ்வளவுதான். எங்கள் ஊரில் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் நாலு உலர்ந்த திராட்சையாவது போட்டுத் தருவார்கள். என் கிண்ணம் மதில்மேல் வெறுமையாக, அதுவும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முகத்தில் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"என்னக்கா இது?" என்று மதில் ஓரம் நின்று கேட்டேன்.

"உன் சூப்புல என்னடி போட்டே?"

"உப்பு, வெங்காயம், கறி. அதைத்தான் நாங்களும் குடிச்சோம். இதோ கல்லு மாதிரி நிக்கிறேனே!"

"உனக்கு ஒத்துக்கும். கலந்தவளுக்கு எப்பவும் ஒத்துக்கும்."

விஷம் என்றாள், பிறகு கண்ணேறு என்றாள். போன மாதம் நான் பரோக்கின் வாலைப் பார்த்து "எவ்வளவு அடர்த்தி!" என்று சொன்னது இப்போது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணேறு கழிய இங்கே எல்லாரும் இசிரிக் என்ற காய்ந்த செடியைக் கொளுத்திப் புகை போடுவார்கள். ஒரு சுற்று சுற்றினால் போதும். அவளோ காலையில் ஆரம்பித்தவள் விளக்கு வைக்கும்வரை விடவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, பூனையைப் புகைச்சட்டியருகே பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே சோற்று வாசனை போய், எல்லாவற்றிலும் புகைதான் நாறியது. மூக்கடைத்த பூனைக்கு எப்படி இருக்கும்? மோந்து பார்க்காமல் எந்தப் பூனை சாப்பிடும்?

பொறுக்கமாட்டாமல் கத்தினேன். "அக்கா, புகையை நிறுத்துங்க! அதுக்கு மூக்குதான் அடைச்சிருக்கு!"

ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது. "கண்ணு வச்சவளுக்குத்தான் இசிரிக் புகை ஆகாதாம். வாயாலேயே மாட்டிக்கிட்டே பாரு!" ஜன்னல் மூடியது.

வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். எக்கேடாவது கெட்டுப் போ என்று உள்ளே வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மதிலிடுக்கில் பார்த்தால் அவள் ஈரல், தயிர், பாலாடை என்று தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டு, "ஒரு வாய்டா ராஜா, ஒரே வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பூனையின் விலா எலும்பு தெரிந்தது. அவள் கன்னமும் ஒட்டிப்போயிருந்தது. அது சாப்பிடாமல் அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் ரொட்டி சுட்டு முடித்தபோது, பரோக் எப்படியோ தப்பி மதிலேறி வந்து, இளஞ்சூடாயிருந்த தந்தூர் அடுப்போரம் சுருண்டுகொண்டது. ஈரத்துணியால் அதன் மூக்கைத் துடைத்தேன். பக்கத்தில் ஈரல் வெந்துகொண்டிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அது தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹொசியத் அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "பிடிச்சிட்டேன்! வரவழைச்சு மறுபடியும் கொடுக்கப் பார்க்கிறியா?"

"கொடுக்கத்தான் போறேன்! உங்க புகையில அது செத்தே போயிடும், அதுக்கு இது தேவலை!" என்று நானும் கத்தினேன். ஒரு துண்டு ஈரலை எடுத்துப் பூனை முன்னால் நீட்டினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். துண்டைப் பிடுங்கினாள். பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"விஷமா இருந்தா முதல்ல நான் போறேன்," என்றாள். மென்றபடியே என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள். நான் விஷம் வைத்தவள் என்று முழுசாக நம்பினாள்; நம்பிக்கொண்டேதான் மென்றாள். என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துபோயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். உயிர் போகவில்லை. மென்றதை உள்ளங்கையில் துப்பிப் பூனையிடம் நீட்டினாள். வாய்ச்சூட்டில் கூழாகியிருந்த ஈரலைப் பரோக் ஒருமுறை முகர்ந்தது, நக்கியது, பிறகு அவள் கையையே தின்றுவிடுவதுபோலத் தின்றது.

"சாப்பிடுறான்டி மஸ்தூரா!" என்றாள். அடுத்த துண்டையும் முதலில் அவளே மென்றாள்.

"இன்னுமா சந்தேகம்?"

"ஒரு துண்டு நல்லாயிருந்தா எல்லாம் நல்லாயிருக்கணுமா?"

பூனை தேறும்வரை தினமும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாயையும் முதலில் தான் மென்று, பிறகுதான் கொடுத்தாள். அந்தச் சாக்கில் அவளும் கொஞ்சம் விழுங்கினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

தேறிய பரோக்கைத் தூக்கிக்கொண்டு கடைசியாக அவள் வீடு திரும்பிய மறுநாள் மதில்மேல் என் கிண்ணம் இருந்தது. கவிழ்த்து வைக்கவில்லை. அது நிறைய இசிரிக். வீட்டிலிருந்த அத்தனையையும் வழித்துப் போட்டிருந்தாள்.

"எனக்கு எதுக்குக்கா இவ்வளவு?"

"வச்சுக்க," என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "எனக்கு இனிமே வேண்டாம். உன்மேல எவ கண்ணாவது பட்டுச்சுன்னா கொளுத்து. இந்தத் தெருவுல எவளையும் நம்பாதே."