பால் காய்ச்சும் நாளில் சொல்லாத சொல்

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் யார் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாலும் எங்களுக்கு அழைப்பு வருவதில்லை. காரணம் என் வீட்டுக்காரரின் வாய். வாசலில் சந்தனம் தொட்டுக்கொள்வதற்கு முன்பே தலையை அண்ணாந்து, "இந்த மூலையில தண்ணி எறங்கும், அந்தச் சுவர் நேரா இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார். நல்ல நாளும் அதுவுமாக வீட்டைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? மற்ற எல்லாவற்றுக்கும் அவரோடு சண்டை போடுகிறவள் நான். இதற்கு மட்டும் ஒரு நாளும் வாயை மூடுங்கள் என்று சொன்னதில்லை.

அப்போது அவர் நகராண்மைக் கழகத்தில் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்தார். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனாலும் அவர்கள் சொல்லிக்கொடுத்த நடத்தை விதிகளை இவர் விடவில்லை. கட்டுகிறவன் வீட்டில் ஒரு வாய் கோப்பி குடிக்கக் கூடாது. சொந்தக்காரன் கட்டடத்தைத் தான் பரிசோதிக்கக் கூடாது. இன்னொரு இன்ஸ்பெக்டர் பார்க்கும் கட்டடத்தில் தலையிடக் கூடாது. தீபாவளிக்கு வீடு கட்டிக்கொடுக்கும் குத்தகைக்காரர் ஒருவர் அனுப்பிய பிஸ்கட் டின்னைக் கொட்டுகிற மழையில் சைக்கிளில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் அழுதார்கள். நான் கத்தினேன். "இனிமே இது நம்ம நாடு. நாமளே ஒழுங்கா இல்லன்னா வேற யாரு இருப்பா?" என்றார். வெளியில் திட்டினாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் கல்வீடு கட்ட ஆரம்பித்தார். பலகை வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம் நாங்கள். அம்மா போன பிறகு என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணிதான். எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அவர்தான். புதுவீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பின்வாசலில் மழையில் நனையாமல் நின்று பாத்திரம் கழுவ இடம் வேண்டும். அதற்காக அண்ணன் பின்வாசலுக்கு மேலே அகலமாக ஒரு காங்கிரீட் சன்ஷேட் போடச் சொன்னார்.

வரைபடம் ஆபீசுக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரர், இது என் மனைவியின் அண்ணன் வீடு, என்னால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேலை சக இன்ஸ்பெக்டரிடம் போயிற்று. அதோடு நிற்கவில்லை. வீடு எழும்பிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தப் பாதையிலேயே இவர் சைக்கிளை விடவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். "மாப்பிள்ள நம்ம வீட்ட எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரே," என்று அண்ணன் வருத்தப்பட்டபோது அண்ணிதான் சமாதானம் சொன்னார். "அவரு வேல அப்படி. பால் காய்ச்சும்போது வராம எங்க போயிடுவாரு?"

வந்தார். எங்கள் வழக்கப்படி உடன்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். நான் சீராகக் கொண்டுபோன பித்தளைப் பானையைக் கல் கூட்டி வைத்தேன். பால் பொங்கியது. குலவையிட்டோம். அண்ணி பாலை ஊற்றிக்கொண்டே பின்வாசலைக் காட்டினார். "பாத்தியா, என் எடம்," என்றார். அங்கே என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். கையிலிருந்த பால் ஆறிக்கொண்டிருந்தது. "எப்படி இருக்கு மாப்பிள்ள?" என்று அண்ணன் கேட்டார். இவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு மச்சான்" என்றார்.

வேறு என்ன சொல்வார்? இப்போதிருக்கும் இந்த வாய் அன்றைக்கு அவருக்கு இல்லை. பால் காய்ச்சும் வீட்டில் அபசகுனமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதிலும் பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளை வாய் திறந்து குறை சொன்னால் அது ஆயுசுக்கும் ஆறாது.

திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டார். "அந்த சன்ஷேட்டுக்கு முட்டுக் குடுத்திருந்த கம்ப எப்ப எடுத்தாங்க?"

"நேத்துதான். நல்ல நாள் குறிச்சாச்சு, பின்வாசல்ல முட்டுக்கம்பு நின்னா எப்படிப் பால் காய்ச்சறதுன்னு அண்ணன் எடுக்கச் சொல்லிட்டாரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். காங்கிரீட் இறுகும்வரை முட்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியதும் தெரியாது. அவருக்குத் தெரியும். நல்ல நாள் கழியட்டும் என்று ஒரு மனம். அடுத்தவர் பரிசோதித்த கட்டடம், நாம் எப்படிப் பேசுவது என்று இன்னொரு மனம். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

அண்ணனுக்குப் பக்கத்து வீடு, தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டி குடும்பம். அந்த வீட்டம்மா மலாயில் கத்திக்கொண்டு ஓடிவந்துதான் எனக்குச் சொன்னார். நான் போனபோது, விழுந்து கிடந்த சன்ஷேட்டுக்கு அடியிலிருந்து அண்ணியைத் தூக்கி எடுத்திருந்தார்கள். கழுவிய தட்டுகள் மட்டும் ஒரு பக்கமாக அப்படியே அடுக்கியிருந்தன. அண்ணியின் கை குளிர்ந்திருந்தது. என் தலையை வாரிய கை.

நகராண்மைக் கழகத்தில் விசாரணை வைத்தார்கள். முட்டுக்கம்பைச் சீக்கிரம் எடுத்ததில் சுவரோரம் வெடிப்பு விட்டு, மழையில் சன்ஷேட் விழுந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். கம்பி கட்டியபோதும் முட்டு எடுத்தபோதும் சக இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமே போகவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு இன்ஸ்பெக்டரோட மச்சான் வீட்ட நான் போய்த் தட்டிப் பாத்தா அவருக்கு மரியாதையா இருக்குமா? அவருக்குத் தெரியாமலா கட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றாராம். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். என் வீட்டுக்காரர்மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. உறவை முன்கூட்டியே சொல்லி விலகி நின்றார், விதியில் இம்மியும் தவறவில்லை என்று பாராட்டினார்களாம். அவர் அதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான்தான் அவரை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசே குற்றமில்லை என்று சொல்லிவிட்டது, அண்ணன் மனம் ஆறும் என்று நம்பினேன். பைத்தியக்காரி நான். மனம் ஆறுவதற்கு ஆபீஸ் உத்தரவா போடும்?

அண்ணன் வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். திட்டவில்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னீங்களே மாப்பிள்ள. அந்த வெடிப்பப் பாத்தீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கதறினேன். பொய் சொன்னால் என்ன? யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஒரு பொய்யில் எனக்கு என் அண்ணன் மிஞ்சுவார். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது வராது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தேன் மச்சான்" என்றார்.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய், நான் பால் காய்ச்சிய பித்தளைப் பானையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கரி போகத் தேய்த்ததில் மினுங்கியது. அண்ணிதான் தேய்த்திருக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.