என் பன்னிரண்டு நோஞ்சான்கள்

என்னுடைய பன்னிரண்டு நாம்பன்களையும் நோஞ்சான்கள் என்று நானே சொன்னேன். அதுவும் டெலிபோனில், டொச் மொழியில், அவற்றை வாங்க வேண்டிய வியாபாரியிடம். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் ஜேர்மனியில் இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததே பெரிய புதினம்.

நாம்பன் என்றால் எங்கள் பக்கத்தில் ஆண் மாடு. இவை காயடித்து, இறைச்சிக்கென்று வளர்க்கப்பட்டவை. எசன் நகரத்துக்கு வடக்கே, மணிக்கு ஒரு பஸ் வருகிற ஊரில், ஒரு கிழவரின் சின்னப் பண்ணையில் நின்றன. கிழவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. நான் கிழமையில் இரண்டு நாள் அவருடைய வீட்டைக் கூட்டித் துடைக்கப் போய்வந்தவள். மாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அந்த வருடம் சித்திரையில் கிழவர் வைக்கோல் பரணில் இருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதே மாதம்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கோப்புக்குப் பொறுப்பான அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி மூன்று மாதத்துக்கு ஒருதரம் தங்கும் அனுமதிக் கடதாசியை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார். நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றை வருட முடிவுக்குள் கொண்டுவந்தால் விசா கிடைக்கும், இல்லாவிட்டால் திரும்பிப் போக ஆயத்தப்படுங்கள் என்றும் சொன்னார். என் மனுசனுக்கு கெல்சென்கிர்ச்சனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை, அதுவும் அரை நாள். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த முதலாளி சமையலறைக்குள் ஓடி ஒளிந்துவிடுவான். மூத்த மகளுக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. விசா இல்லாமல் அதில் சேர முடியாது. எங்கள் நாலு பேரின் தலைவிதியும் யாரோ கையெழுத்து வைக்க வேண்டிய ஒரு தாளில் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பை தோடம்பழத்தோடு போய்க் கிழவரைப் பார்த்தேன். நாங்கள் கதைத்தது டொச்சில்தான், ஆனால் இப்போது நினைத்தால் எல்லாம் எங்கள் தமிழில்தான் காதில் கேட்கிறது.

"மாடுகளை வித்துப்போட்டுத் தொழுவத்தைப் பூட்டப்போறன்" என்றார்.

"விக்காதேங்கோ. நான் பாக்கிறன்."

"உமக்கு மாடு வளக்கத் தெரியுமோ?"

"தெரியாது. என்ன செய்யவேணுமெண்டு சொல்லுங்கோ, நான் செய்யிறன். பிழைக்காமல் செய்தால் எனக்கு ஒரு நிரந்தர ஒப்பந்தம் எழுதித் தரவேணும்."

கிழவர் ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "கார்த்திகையிலை வியாபாரி வருவான். அறுநூற்றைம்பது கிலோவுக்குக் குறைஞ்சதை அவன் லொறியிலை ஏத்தமாட்டான். பன்னிரண்டும் ஏறினால் ஒப்பந்தம் எழுதுறன், புது மாட்டுக் கண்டுகளும் வாங்குவம். ஏறாட்டிப் பூட்டுத்தான்."

"சரி" என்றேன். வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தபோதுதான் அறுநூற்றைம்பதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.

வீட்டில் பெரிய சண்டை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியின் மணமே வந்ததில்லை. "மாட்டை வளத்து வெட்டக் குடுக்கிறதோ? அந்தப் பாவம் பிள்ளையளைத்தான் சுத்தும்" என்று மனுசன் கத்தினார்.

"எங்களைப் பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்பேக்கை உங்கடை புண்ணியம் வந்து மறிக்குமோ?" என்று நானும் கத்தினேன். அவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், அவருக்கு ஓய்வு நாளான திங்கட்கிழமை, றப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டு என்னோடு வந்து சாணம் அள்ளினார். அதன் பிறகு ஒரு திங்கட்கிழமையும் அவர் வராமல் விடவில்லை.

கோடையில் நாம்பன்கள் புல்வெளியில் நின்றன. காலையில் சைக்கிளில் போய்ப் பன்னிரண்டையும் எண்ணுவேன், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவேன், புல் முடிந்த இடத்தில் மின்வேலியைக் கழற்றி அடுத்த துண்டில் நடுவேன். புரட்டாதியில் தொழுவத்துக்குள் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் உண்மையான வேலை. சோளத்தைத் தண்டோடு வெட்டி, குவித்து, பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கிப் புளிக்க வைத்திருப்பார்கள். அந்த டயர்களைத் தூக்கியெறிந்து, விரிப்பை உரித்து, புளித்த தீனியை வெட்டி அள்ளி வண்டிலில் தள்ள வேண்டும். அதற்கு மேல் நொறுக்கின பார்லி. பார்லியைக் கிழமைக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டவேண்டும், அவசரப்பட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று கிழவர் டெலிபோனில் பத்துத் தரம் சொல்லியிருந்தார். நான் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி பயந்து பயந்து கூட்டினேன். எவ்வளவு குளித்தாலும் என் தலைமயிரில் அந்தப் புளி மணம் போகாது. சனிக்கிழமை எசனில் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், மற்றத் தாய்மார் எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும். அவர்களுக்கு விசா இருந்தது.

பெயர் ஒன்றும் வைக்கவில்லை. வெட்டுக்குப் போகிறதுக்குப் பெயர் வைத்து என்னத்தைச் செய்ய? ஆனால் நெற்றியில் வெள்ளை விழுந்தது ஒன்று, நான் உள்ளே போனதும் என் சட்டைக் கையை நாக்கால் சுருட்டி இழுக்கும். அதை மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஏசினேன்.

கிழவரிடம் மாட்டுத் தராசு இல்லை. மார்பைச் சுற்றி அளக்கிற நாடா ஒன்றுதான். அதன் ஒரு பக்கம் சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் கிலோ. இரண்டு கிழமைக்கு ஒருதரம் அளந்து தொழுவக் கதவில் வெண்கட்டியால் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். நானும் எழுதினேன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது கிலோ குறைத்து எழுதினேன். சரியான கணக்கு என் தலைக்குள் இருந்தது.

ஏன் என்று எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். "பிள்ளை நல்லா வளந்திட்டுது" என்று யாராவது சொன்னால், "எங்கை வளந்தது, ஒரு வாய் சாப்பிடுறேல்லை" என்று தாய் உடனே சொல்லாவிட்டால் நாவூறு பட்டு அன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். கேட்டவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டு "ஓமோம்" என்பார். பிள்ளை விசயத்தில் அப்படிப் பழகிப்போன வாய், மாட்டுக்கு மட்டும் மாறுமா? ஞாயிறு தோறும் கிழவர் டெலிபோன் எடுத்து "எப்பிடி?" என்று கேட்பார். ஞாயிறு தோறும் நான் "ஏதோ தின்னுதுகள்" என்பேன்.

கார்த்திகை பிறந்ததும் வியாபாரி தொழுவத்துக்கு டெலிபோன் எடுத்தான். "எப்பிடி நிக்குதுகள்? லொறியிலை இடம் பிடிக்கட்டோ?"

அன்று காலைதான் வெள்ளை நெற்றிக்காரன் எழுநூற்றிரண்டு காட்டியிருந்தான். எனக்கு நிலைகொள்ளாத சந்தோசம். வாய் தன்பாட்டில் சொன்னது: "எங்கை... எல்லாம் நோஞ்சான். தின்னுதுகள், உடம்பிலை ஒட்டுதில்லை."

அவன் சிரித்து "ஓமோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்பிடியோ, நன்றி" என்று வைத்துவிட்டான். நல்ல மரியாதையான மனிசன் என்று நினைத்துக்கொண்டு நான் பார்லி அள்ளப் போனேன்.

சனிக்கிழமை பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். கிழவர் பார்த்துவரச் சொன்னாராம். உருளைக்கிழங்கு போடுகிறவர், மாட்டில் தலை எது வால் எது என்றுதான் தெரியும். நாம்பன்களை ஒருதரம் எட்டிப் பார்த்தார், கதவில் இருந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு கிழவரின் குரல் தளர்ந்திருந்தது. இரண்டாவது ஒப்பரேசனும் முடிந்து, நடக்கப் பழக்குகிற ஒரு இடத்தில் இருந்தார்.

"கதவிலை அறுநூற்றிருபது, அறுநூற்றிப்பத்து எண்டு கிடக்காம்."

"அது பொய்க் கணக்கு."

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"வியாபாரியிட்டை நோஞ்சான் எண்டு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"ஏன்?"

"நல்லாக் கொழுத்திருக்கிறபடியால்."

நாவூறுக்கு டொச்சில் என்ன சொல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்குத் திக்கித் திணறி என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது களவு பிடிபட்டவள் சொல்கிற கதையாகத்தான் கேட்டது.

"ஏழு மாதமா ஏதோ தின்னுதுகள் எண்டுதான் சொன்னீர். இப்ப நான் எதை நம்ப?" என்றார். கோபமாகக் கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டார். "வியாபாரி லொறியிலை இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திட்டான். வெள்ளிக்கிழமை இன்னொருத்தன் வந்து கிடக்கிறபடி எல்லாத்தையும் கொண்டுபோவான். நீர் கஷ்டப்பட்டனீர், எனக்குத் தெரியும். ஆனால் பூட்டுவம்."

என் வாயை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. குளித்துவிட்டு வந்த மூத்த மகள் "என்னம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுடைய பயிற்சிக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த வாய் கெடுத்ததை இந்த வாயே திருத்தட்டும் என்று நினைத்தேன்.

திங்கள் காலை மனுசனோடு தொழுவத்துக்குப் போய் முதல் வேலையாக ஈரத்துணியால் கதவைத் துடைத்தேன். பன்னிரண்டையும் திரும்ப அளந்தோம். அவர் கயிற்றைப் பிடித்தார், நான் நாடாவைச் சுற்றினேன். பிறகு வெண்கட்டியை எடுத்தேன்.

"எழுதாதையும்!" என்று மனுசன் கையைப் பிடித்தார். "உள்ளதை எழுதிப் பன்னிரண்டையும் பறிகுடுக்கப் போறீர்."

"எழுதாமல்தான் பறிகுடுத்தனான். கையை விடுங்கோ."

அறுநூற்றெழுபது. அறுநூற்றைம்பத்தெட்டு. அறுநூற்றெண்பத்தைந்து. கடைசியில் எழுநூற்றிநாலு. பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற மாதிரிப் பெரிதாக எழுதினேன். அப்படியே சாணிச் சப்பாத்தோடு பஸ் ஏறி வியாபாரியின் இடத்துக்குப் போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் எழும்பிப் பின்னுக்குப் போனார்கள்.

வியாபாரி தன் கந்தோர் மேசையில் பாணில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கதவடியிலேயே நின்று சொன்னேன்: "என்ரை நாம்பன்கள் நல்ல நாம்பன்கள். பன்னிரண்டும் அறுநூற்றைம்பதுக்கு மேலை. இந்தப் பக்கத்திலை இதைவிட நல்லதை நீங்கள் இந்த வருசம் பாத்திருக்கமாட்டியள். நான் வளத்தது."

என் வாழ்க்கையில் சொந்தப் பொருளை இப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். முகடு இடிந்து விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"போன கிழமை நோஞ்சான் எண்டீர்."

"போன கிழமை பொய் சொன்னன். எங்கடை ஆக்கள் நல்லதை நல்லது எண்டு வாயாலை சொல்லுறேல்லை. சொன்னால் கெட்டுப்போகும் எண்டு பயம். உங்களுக்கு விளங்காது எண்டு எனக்கு விளங்கேல்லை. வந்து பாருங்கோ. பொய்யெண்டால் திரும்பிப் போங்கோ."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மிச்சப் பாணை வாய்க்குள் திணித்துக்கொண்டு ஜக்கெற்றை எடுத்தான்.

தொழுவத்தில் ஒவ்வொன்றாக வாலடியை அமத்திப் பார்த்தான், விலாவில் கை வைத்தான், இடுப்பைத் தட்டினான். நானும் மனுசனும் பொலிஸில் பிடிபட்ட ஆட்கள் மாதிரிச் சுவரோடு நின்றோம். 'குளிருக்குக் கொஞ்சம் இளைச்சிட்டுதுகள்' என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாவதையும் தட்டிவிட்டு அவன் கதவில் இருந்த எண்களை மேலிருந்து கீழே வாசித்தான்.

"எடுக்கலாம்" என்றான்.

அந்தப் பக்கத்தில் அதுதான் ஆகக்கூடிய புகழ்ச்சி. அவர்களும் எங்களைப் போல நல்லதைச் சொல்ல வாய் திறக்காத சனம்தான், அதை ஏழு மாதமாக நான் கவனிக்கவில்லை. அங்கிருந்தே கிழவருக்கு டெலிபோன் எடுத்து "பன்னிரண்டும்" என்று மட்டும் சொன்னான். வியாழக்கிழமைக்கு இன்னொரு லொறி ஒழுங்கு செய்தான்.

வியாழன் கிழவர் டாக்ஸியில் வந்து இறங்கினார், இரண்டு கையிலும் ஊன்றுகோல். நாம்பன்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறின. வெள்ளை நெற்றிக்காரன் கடைசி. ஏறுகிறபோதும் என் சட்டைக் கையை இழுத்தான். தெரிந்தே வளர்த்தேன், தெரிந்தே ஏற்றினேன், அதற்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. லொறி திரும்பியதும் வெறுந் தொழுவத்துக்குள் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுது முடிந்ததும் தொட்டிகளைக் கழுவினேன். வியாபாரியிடமிருந்து எடைச் சீட்டு வந்தபோது கிழவர் அதைக் கதவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நாலாவது ஆறு கிலோ பிழை" என்றார். பிறகு பார்லிப் பெட்டியின் மூடியில் வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

மார்கழியில் அந்தத் தாளோடு அலுவலகத்துக்குப் போனோம். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "இது பாரமான வேலை. உங்களால் இதைத் தொடர்ந்து செய்ய முடியுமா? நீங்கள் இதை நன்றாகச் செய்கிறீர்களா?"

'ஏதோ செய்யிறன்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்தில் மனுசன் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"ஓம்" என்றேன். "நான் நல்லாச் செய்வன். என்னைப்போல ஆள் அவருக்குக் கிடையாது."

அந்த அம்மா குனிந்து விசாத் தாளை நிரப்பத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மனுசன் சமையலறையில் இருந்து ஒரு பிடி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைக் கதிரையில் இருத்தித் தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினார். "ஆர் உம்மை அப்பிடிச் சொல்லச் சொன்னது, அதுவும் அந்த இடத்திலை?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். பிறகு மகள்மார் இருவருக்கும் கேட்கும்படியாக, "என்ரை மனுசி மாடு வளக்கிறதிலை கெட்டிக்காரி" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். பயந்துபோய் இன்னும் ஒருதரம் சுற்றினார்.