தாடிக்காரருக்கு ஒரு கோடரி

அசன் மைதீன் எந்தப் பொருளையும் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்ள மாட்டார். கத்தியோ கரண்டியோ சுத்தியலோ, முதலில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, அவற்றின்மேல் அந்தப் பொருளைக் குறுக்காகக் கிடத்துவார். அது ஒரு பக்கம் சாயும். கொஞ்சம் தள்ளி வைப்பார். மறுபக்கம் சாயும். ஒரு நூல் அளவு இழுப்பார். எந்த இடத்தில் வைத்தால் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கைப்பிடியைப் பற்றுவார்.

சார்ஜாவில் கட்டட வேலைச் சாமான் விற்கும் கடையில் பதினாறு வருஷம் நின்றதில் வந்த பழக்கம். கொத்தனார்கள் சுத்தியல் கேட்டு வந்தால், தலை கனமா காம்பு கனமா என்று விரலில் நிறுத்திக் காட்டித்தான் கொடுப்பார். அவர் விடுப்பில் ஊருக்கு வந்தாலும் அந்த விரல்களுக்கு விடுப்பு கிடையாது. காயல்பட்டினத்தில் சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் ஆணக் குழம்பு ஊற்ற வைத்திருந்த அகப்பையை எடுத்து விரலில் நிறுத்திக்கொண்டிருப்பார். மனைவி நபீசா பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"முதல்ல ஆணத்தை ஊத்துங்க. அகப்பையைப் பிறகு நிறுக்கலாம். சோறு ஆறுது."

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஜூன் மாதம் நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் அங்கே குடிபோக வேண்டும். அதனால் சொந்த ஊரில் வந்து இறங்கினாலும் ஒரு விருந்தாளியின் கூச்சம் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் அவர் அதிகமாகக் கூச்சப்பட்டது பத்து வயது மகள் சுலைஹாவிடம்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்தபோது அவளுக்கு ஆறு. அந்த ஆறு வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டே பெட்டி கட்டியிருந்தார். கவுன் தலைக்குள் நுழைந்து தோளோடு நின்றுவிட்டது. செருப்புக்கு வெளியே குதிகால் கிடந்தது. கண் மூடித் திறக்கும் பொம்மையை அவள் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தாள். அவரிடம் நேராகப் பேசவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "உம்மா, வாப்பாவுக்குச் சாயா வேணுமான்னு கேளுங்க" என்பாள்.

"நீயே கேளேன். வாப்பா என்ன மதிலுக்கு அந்தப் பக்கமா இருக்காங்க?"

நபீசா சொல்லி முடிப்பதற்குள் சுலைஹா பின்பக்க முடுக்குச் சந்து வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

போன விடுப்பில் அவளுக்குச் சைக்கிள் பழக்கத் தொடங்கினார். பின்னால் பிடித்திருந்த கையை எடுக்கும் முன்பே பயணத் தேதி வந்துவிட்டது. அவளுக்கு முன்பல் விழுந்ததைப் பார்த்தார், முளைத்ததைப் பார்க்கவில்லை. இந்த நாற்பது நாளில் ஏதாவது ஒன்றை அவளோடு தொடங்கி, அவளோடு முடித்துவிட்டுப் போக வேண்டும். இந்தத் தடவை அவருக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

பெட்டியின் அடியில் கிடந்த டிவி கேம் ஒன்றுதான் வயது பார்க்காத சாமானாக இருந்தது. ஆறுமுகநேரியிலிருந்து டிவி ரிப்பேர் செய்யும் தேவமணி வந்து அதை டிவியோடு இணைத்துக் கொடுத்தார். கூடவே இருந்தது ஒரே ஒரு கேசட். சுடுவதையும் குதிப்பதையும் எதிர்பார்த்து நின்ற தேவமணி ஐந்து நிமிஷத்தில் பொறுமை இழந்தார்.

"என்ன அண்ணாச்சி, நடந்துக்கிட்டே இருக்கான்? ஊரு ஊரா நடக்குததைப் பாக்கவா சார்ஜாவுல இருந்து கொண்டாந்திய?"

"போற வழியில சண்டை வரும்போல, தேவமணி."

"எழுத்தாவது புரியுதா?"

"ஜப்பான் எழுத்து. வித்தவனுக்கே புரியல. அதான் விலையைக் குறைச்சுத் தந்தான்."

சுலைஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அசன் மைதீன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வயரைச் சுருட்டினார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து, பொழுது அடைந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரைக்கும் ஆட்டம் என்று ஏற்பாடு. எழுத்து புரியாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் அதன் போக்கு பிடிபட்டது. மலையும் காடுமான ஒரு தேசத்தில் இரண்டு பேர் எங்கேயோ போகிறார்கள். ஒருத்தி இரட்டைச் சடை போட்ட சிறு பெண். இன்னொருவர் மார்பு வரை தாடி வைத்த பெரியவர். சடைக்காரி, தாடிக்காரர் என்று சுலைஹா பெயர் வைத்தாள். வழியில் பூதங்கள் மறிக்கும். ஜெயித்தால் காசு விழும், சில சமயம் நிறக்கல் விழும். ஊருக்கு ஊர் ஓர் ஆயுதக் கடை, பக்கத்தில் ஒரு கொல்லன். மூன்று கல் கொடுத்தால் கையிலிருக்கும் ஆயுதத்தைத் தீட்டித் தருவான். அதன் பக்கத்தில் உள்ள எண் கூடும். ஊர்ச் சத்திரத்தில் போய்ப் படுத்தால்தான் அதுவரை நடந்ததெல்லாம் கேசட்டில் நிற்கும். படுக்காமல் மெஷினை அணைத்தாலோ, கரண்ட் போனாலோ, கடைசியாகப் படுத்த சத்திரத்துக்கே திரும்ப வேண்டும்.

ஆட்டத்தின் ரிமோட் சுலைஹா கையில். ஆயுதக் கடைக்குள் நுழைந்ததும் அவள் அதைப் பேசாமல் அவர் பக்கம் நகர்த்துவாள். அசன் மைதீன் நிமிர்ந்து உட்காருவார். சுவரில் வரிசையாகத் தொங்கும் குறுவாளும் ஈட்டியும் கோடரியும் அவருக்குச் சார்ஜா கடையின் பின்சுவரைப்போலவே தெரியும். என்ன ஒன்று, எதையும் விரலில் நிறுத்திப் பார்க்க முடியாது. படத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. அது அவருக்கு வேட்டி கட்டாமல் கடைக்குப் போனதுபோல இருந்தது.

அவர் வாங்கியதெல்லாம் சடைக்காரிக்கு. தாடிக்காரரின் தோல் சட்டையை விற்றுச் சடைக்காரிக்கு ஒரு குறுவாள். அவருடைய கேடயத்தை விற்று, அதோடு குறுவாளையும் போட்டு, ஒரு நீள வாள். கிடைத்த கல்லெல்லாம் அந்த வாளைத் தீட்டவே போயிற்று. தாடிக்காரர் கையில் ஆரம்பத்தில் இருந்த மூங்கில் கம்பு மட்டும் மிஞ்சியது. அவரைப் பற்றி அசன் மைதீனுக்கு ஒரு கவலையும் எழவில்லை. பெரிய ஆள், எப்படியாவது சமாளித்துக்கொள்வார். பிள்ளைக்கு அல்லவா நல்லது வேண்டும்?

ஆனால் வழியில் முன்னால் நடப்பவர் தாடிக்காரர். பூதங்கள் முதலில் அடிப்பதும் அவரைத்தான். இரண்டாவது அடியில் விழுந்துவிடுவார். அவர் நின்ற இடத்தில், கபர்மேல் நடுவதுபோலச் சின்னதாக ஒரு மீசான் கல் முளைக்கும். அதற்குப் பிறகு சடைக்காரி அந்தப் பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு தனியாகச் சண்டை போடுவாள். ஜெயித்தாலும் வந்த வழியே திரும்பி நடந்து, ஊர் வைத்தியனிடம் போய், தாடிக்காரரை எழுப்பிக் கூட்டி வர வேண்டும்.

"உம்மா, தாடிக்காரரு திரும்பவும் மௌத்தாப் போயிட்டாரு" என்று அடுக்களைக்குக் குரல் கொடுப்பாள் சுலைஹா. ஒரு நாளில் ஐந்து தடவை, ஆறு தடவை.

ஒன்பதாம் நாள் அவள் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

"ஏன் அவருக்கு ஒண்ணுமே வாங்க மாட்டேங்கீங்க?"

"உனக்குத்தானம்மா வாங்குதேன்."

"எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாளு? அவரு முதல்லயே விழுந்திருதாரு. பிறகு நான் தனியால்லா நிக்கேன்!"

"நல்ல வாளும்மா அது. இந்தக் கடையிலயே அதுதான் உசத்தி."

"வாளுகூடப் பேசிக்கிட்டா நடக்க முடியும்?"

அடுக்களையில் நபீசா மீன் அரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அசன் மைதீன் திரையில் நின்ற மீசான் கல்லைப் பார்த்தபடி இருந்தார். மகள் தன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசிவிட்டாள் என்பதே, தொழுகைக்கு ஒளு செய்து தலையில் ஈரக் கையை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் சுலைஹாவே வாளை விற்றாள். பாதி விலைதான் கிடைத்தது. "ஏயம்மா, தீட்டின வாளும்மா" என்று அசன் மைதீன் முனகினார். அந்தக் காசில் தாடிக்காரருக்கு ஒரு தோல் சட்டை வாங்கினாள். மிச்சத்துக்கு எதை வாங்குவது என்று அவரைப் பார்த்தாள்.

"ஈட்டியா, கோடரியா?"

"கோடரி. ஈட்டிக்கு ஓடி ஓடிக் குத்தணும், தாடிக்காரருக்கு மூச்சு வாங்கும். கோடரின்னா தலை கனம். ஓங்குததுதான் பைய. விழுதது பலமா விழும்."

அவள் நம்பாததுபோலப் பார்க்கவே, பின்கட்டிலிருந்து விறகு பிளக்கும் கோடரியை எடுத்து வந்து இரண்டு விரலில் நிறுத்திக் காட்டினார். ஏறக்குறையத் தலைக்குப் பக்கத்திலேயே அது நின்றது. சுலைஹாவும் தன் விரல்களை நீட்டினாள். அவர் அடியில் கை கொடுத்துக்கொண்டு அவள் விரல்மேல் அதை வைத்தார். ஆடி ஆடி ஒரு கணம் நின்றது.

"கால்ல போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகவா?" என்றாள் நபீசா.

அதற்குப் பிறகு அவசரம் இல்லாத ஆட்டமாக அது மாறியது. தாழ்வான புல்வெளிகளில் சுற்றிச் சின்னப் பூதங்களை அடித்தார்கள். ஒரு தடவை கல் சேர்ந்தால் கோடரிக்கு, அடுத்த தடவை சடைக்காரியின் புதுக் குறுவாளுக்கு. புல்வெளியில் சண்டைகளுக்கு இடையே நிறைய நடக்க வேண்டும். நடக்கிற நேரத்தில் சுலைஹா பேசினாள். பள்ளிக்கூடத்தில் கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பற்றி, டீச்சருக்குத் தெரியாமல் பெஞ்சுக்கு அடியில் புளியங்காய் தின்பதைப் பற்றி, சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து தானே பழகிக்கொண்டதைப் பற்றி. மூன்று கல் சேர்வதற்குள் ஒரு கதை முடிந்திருக்கும்.

ஒரு நாள் வேறு வேலையாக வந்த தேவமணி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னுமா நடக்குதான்? இந்நேரத்துக்குத் திருச்செந்தூருக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கலாமே!"

"வந்த வேலையைப் பாருங்க மாமா, இப்ப முக்கியமான இடம்" என்றாள் சுலைஹா. தாடிக்காரர் ஓங்கிய கோடரி ஒரே வீச்சில் மூன்று பூதங்களைச் சாய்த்தது. தேவமணி ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டார்.

முப்பத்திரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, ஆற்றின்மேல் போட்ட ஒரு நீண்ட பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கரையில் கறுப்பாக ஒரு கோட்டை. அதுதான் கடைசி என்று பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு பாங்கு சொல்லிவிட்டதால் இக்கரைச் சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டு எழுந்தார்கள். இன்னும் எட்டு நாள் இருந்தது. முடித்துவிடலாம் என்ற நிம்மதியில் அசன் மைதீன் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் உட்கார்ந்தபோது சுலைஹா தாடிக்காரரைப் பாலத்துக்கு எதிர்த் திசையில், பழைய புல்வெளிக்குத் திருப்பினாள்.

"பாலம் அங்கனல்லா இருக்கு?"

"கோடரியை இன்னும் தீட்டணும்."

சனிக்கிழமையும் தீட்டினாள். ஞாயிறும் திங்களும் தீட்டினாள். குறுவாளுக்கு ஒரு கல்கூடக் கொடுக்கவில்லை, எல்லாம் கோடரிக்கு. புல்வெளிப் பூதங்கள் தாடிக்காரரைக் கண்டாலே ஓடத் தொடங்கின.

"இனித் தீட்ட என்னம்மா இருக்கு? இரும்பே தேஞ்சு போயிரும்."

"இன்னும் ஒரு தடவை."

பயணத்துக்கு முந்தின நாள் வந்துவிட்டது. பெட்டி கட்டி முடித்துவிட்டு அசன் மைதீன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு விடியப் போயிருவேன், சுலைஹா. முடிவைப் பாத்துட்டுப் போறேம்மா."

"போங்க. யாரு வேண்டாம்னா?"

அவர் சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, இருவரையும் பாலத்தை நோக்கி நடத்தினார். தாடிக்காரர் முதல் பலகையில் கால் வைக்கப் போகும்போது திரை சட்டென்று கறுத்தது. சுலைஹா சுவரோரம் நின்றிருந்தாள். பிளக் அவள் கையில் தொங்கியது.

"என்ன பிடிவாதம் இது!" அந்த விடுப்பில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "ஒரு காரியத்தை ஒழுங்கா முடிக்க விடக்கூடாதா?"

அவள் முடுக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

காலையில் திருவனந்தபுரம் போகும் வேன் வாசலில் நின்றபோது நபீசாவின் பின்னால் வந்து நின்றாள். சலாம் சொன்னாள். வேன் கதவைச் சாத்தும்போது, "கோடரியை விக்க மாட்டேன்" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் இதுவும் அரைகுறையாக நின்றதே என்ற வருத்தமும், தன்னோடு சேர்ந்து முடிக்க அவளுக்கு மனமில்லை என்ற வருத்தமும் அவரோடு விமானம் ஏறின. சார்ஜா கடையில் யாராவது கோடரி கேட்டு வந்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் அதை விரலில் நிறுத்திக்கொண்டிருப்பார்.

அடுத்த விடுப்பு தொண்ணூற்று ஏழில்தான் கிடைத்தது. சுலைஹாவுக்குப் பதின்மூன்று. மெஷின் எப்போதோ பழுதாகிவிட்டிருந்தது. ஒரு பகலில் நபீசா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவர் பேச்சுவாக்கில், "அந்தப் பாலத்தைத் தாண்ட விடவே மாட்டேன்னுட்டாளே, என்ன பிடிவாதம்" என்றார். நபீசா கையை நிறுத்திவிட்டு, மகள் அருகில் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சத்தியம் வாங்கியிருந்தா, அதான் சொல்லல. பாலத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, நீங்க ஜும்ஆ தொழப் போயிருந்த நேரம், அக்கரையில என்ன இருக்குன்னு பாத்து வைப்போம்னு அவ தனியாத் தாண்டிப் பாத்துட்டா. பாதிப் பாலத்துல தாடிக்காரரு திரும்பி நின்னு கையை ஆட்டிட்டு வந்த வழியே போயிட்டாராம். எதை அமுக்கினாலும் வரலையாம், கதையே அப்படித்தானாம். சத்திரத்துல படுக்காம அப்படியே மெஷினை அணைச்சுட்டு வந்து, என் மடியில விழுந்து அழுதா."