மழையிலும் டிக்கியைத் திறந்தவள்

டெலிசிலே ம்யேனி பதினோரு வருடமாகச் சரணாலயத்தின் தெற்கு கேட்டில் காவலுக்கு இருந்தாள். உள்ளே போகும் கார், வெளியே வரும் கார் எல்லாவற்றையும் நிறுத்துவாள். டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, குறுக்குக் கட்டையை உயர்த்துவாள். துப்பாக்கி உள்ளே போய்விடக் கூடாது, காண்டாமிருகக் கொம்பு வெளியே வந்துவிடக் கூடாது. அவள் வேலை அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கூலியாக இருந்தாள். புருஷன் ஜோகன்னஸ்பர்க் போனவன் போனவன்தான். பேர் தைத்த சட்டை ஒன்றை முதன்முதலாக அவளுக்குக் கொடுத்தது இந்த வேலை. ஆரம்பத்தில் காண்டாமிருகத்தின் மேல் அவளுக்குப் பெரிய பாசம் எதுவும் கிடையாது. பகலில் தூங்கி, வேலியை முட்டி, சேற்றைப் பூசிக்கொண்டு திரியும் ஒரு ஜந்து, அவ்வளவுதான்.

நான்காவது வருடம் ஒரு நாள் காலை, உள்ளேயிருந்து லாரி வந்தது. அதில் ஒரு குட்டி. தாயைச் சுட்டு, முகத்தோடு கொம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு நாளாகக் குட்டி செத்த தாயின் பக்கத்திலேயே நின்றிருந்ததாம். அது கத்திய கத்தல் பால்குடிக் குழந்தை வீறிடுவதைப் போல இருந்தது. கட்டையைத் தூக்கிவிட்டது டெலிசிலேதான். லாரி வளைவில் மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "எந்த கேட் வழியா வந்தானுங்க?" என்று அன்று முழுக்க எல்லோரையும் கேட்டாள். வேலியை வெட்டி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது.

அப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயை விட்டாள்.

தங்கை தோம்பியின் வீட்டு வாசலில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தோம்பியின் புருஷன் வுசி பெரிய ரோட்டில் டயர் கடை வைத்திருந்தான். கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"சிசி, அந்த கேட்டுல எல்லாக் காரையும் திறந்து பாப்பீங்களா?"

அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாக்காம? சும்மாவா சம்பளம் குடுக்கறாங்க?"

"ஸ்டெப்னிக்கு அடியிலயும்?"

"அடியிலயும்தான். மழை கொட்டினா மட்டும் போ போன்னு கையைக் காட்டிடுவோம். யாரு நனைஞ்சுட்டு நிக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். வுசி மட்டும் சிரிக்கவில்லை. நன்றாகச் சுட்ட கதிராகப் பார்த்து எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

வேனில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவன் ஏன் இதைக் கேட்டான்? டயர் கடைக்காரன், ஸ்டெப்னியைப் பற்றிக் கேட்டால் என்ன தப்பு என்று ஒரு மனம் சொன்னது. கேட்டைப் பற்றி யார் விசாரித்தாலும் அன்றே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னால் வுசியைப் போலீஸ் கூட்டிப்போகும். தோம்பிக்கு மூன்று பிள்ளைகள். தானும்தான் மாட்டுவாள், மழை விஷயத்தைச் சொன்னது அவள் வாய்தானே.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மழையில் நனைந்தாள். அந்த நவம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மற்றவர்கள் காவல் கூண்டுக்குள் ஒதுங்க, டெலிசிலே மட்டும் சொட்டச் சொட்ட நின்று, ஒவ்வொரு டிக்கியையும் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே தட்டிப் பார்த்தாள்.

"மாம்யேனி, உள்ள வா!" என்று அவள் குடும்பப் பேரைச் சொல்லிக் கூண்டிலிருந்து கத்தினான் சிபோனெலோ, அவளோடு காவல் நிற்பவன். "அந்த வெள்ளைக்காரக் கிழவி டிக்கில என்ன இருக்கப்போகுது? ரொட்டியும் மூக்குக்கண்ணாடியும்தான்!"

"ரொட்டியா இருந்தாலும் பாத்துட்டுத்தான் விடுவேன்."

"ஜுரத்துல படுத்தா உன் டூட்டியும் நான்தான் பாக்கணும். அதைச் சொல்லு."

மூன்றாவது வாரம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். வருடத்துக்கு ஒரு முறை, அதிகாரி முதல் சமையல்காரர் வரை எல்லோரும் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வேண்டும். அவள் முறை வியாழக்கிழமை. சிபோனெலோ போன வருடக் கதையை மறுபடி எடுத்தான்.

"எதையாவது திருடியிருக்கியான்னு கேட்டாங்க. எனக்கு மாமியார் வீட்டுக் கோழி ஞாபகம் வந்துருச்சு. கோடு குதிச்சுது பாரு, கூரை வரைக்கும்!"

டெலிசிலேவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை மதியம் டூட்டி முடிந்ததும் நேரே டயர் கடைக்குப் போனாள். கடையில் வுசி மட்டும் இருந்தான்.

"வுசி, அன்னைக்கு ஸ்டெப்னி பத்திக் கேட்டியே, யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல சிசி. சும்மா பேச்சுக்கு..."

"நாளைக்கு என்னை மெஷின்ல உக்கார வைக்கிறாங்க. உன் பேரைத்தான் சொல்லப்போறேன். உனக்கு முன்னாடியே தெரியட்டும்னுதான் வந்தேன்."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"சொன்னா என்னைக் கொன்னுடுவானுங்க."

"எவனுங்க?"

வெள்ளைக் காரில் ஒருவன் இரண்டு தடவை வந்தானாம். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி பொருத்தச் சொன்னானாம். முதலில் கருவி எதுவோ வைக்க என்றுதான் வுசி நினைத்தானாம். பிறகு, உன் பெண்டாட்டியின் அக்கா கேட்டில்தானே நிற்கிறாள் என்று அவன் கேட்டபோதுதான் புரிந்ததாம்.

"பெட்டியை வெச்சுக் குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"மழை விஷயம்?"

வுசி தரையைப் பார்த்தான். "அதையும் சொல்லிட்டேன் சிசி."

டெலிசிலே கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து டயர் அடுக்கின் மேல் வைத்தாள். "காலைல ஏழு மணிக்கு வேன் நிறுத்தத்துக்கு வா. ரெண்டு பேரும் போய் எங்க மேலதிகாரி கோசா பாபாகிட்ட சொல்லிடுவோம். நீ வரலைன்னா நான் மட்டும் போவேன்."

அவன் தலையைத் தூக்காமல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். அப்போதுதான் அவள் பின்னால் திரும்பினாள். சாப்பாட்டுத் தூக்கோடு தோம்பி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வேன் நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டு வேனை விட்டுப் பார்த்தாள். மூன்றாவதில் ஏறினாள். தங்கை இனி முகத்தில் முழிக்க மாட்டாள் என்று தோன்றியது. வேலையும் போகும். எதை முதலில் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கோசாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் வுசி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தோம்பி, அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி.

"ஏழு மணி வரைக்கும் விட்டா இவன் மனசு மாறிடுவான்னு எனக்குத் தெரியாதா? இவனை அஞ்சு மணிக்கே எழுப்பி நடத்தியே கூட்டிட்டு வந்துட்டேன். எல்லாம் சொல்லியாச்சு. கார் நம்பர், அவன் போன் நம்பர், எல்லாம்."

டெலிசிலே தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கோசா அவள் பங்கைக் கேட்டார். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் அவர், எல்லோரும் மரியாதையாக 'பாபா' என்று கூப்பிடும் பெரியவர், அதட்டிப் பேசாதவர். மழை விஷயத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"மூணு வாரம் தாமதம், மாம்யேனி."

"ஆமா பாபா."

"எழுத்துல எச்சரிக்கை வரும். இனி ஒரு தடவை நடந்தா வேலை இருக்காது."

"சரி பாபா."

அவர் பேனாவை மூடினார். "மழையில நீ ஏன் நனையறேன்னு எல்லாரும் என்னைக் கேட்டுட்டு இருந்தாங்க. இப்பத்தான் எனக்கே புரியுது. போ, மெஷின் காத்துட்டு இருக்கு."

டர்பனிலிருந்து வந்திருந்த ஒல்லியான பெண்தான் மெஷினை இயக்கினாள். மார்பில் ஒரு பட்டை, கையில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி. கேட்டைப் பற்றி யாராவது உங்களிடம் விசாரித்தார்களா? ஆமா. அதை அதிகாரியிடம் சொன்னீர்களா? ஆமா. அதைச் சொன்னதுமே டெலிசிலேவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அழுதா கோடு ஆடும் மா. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேக்கறேன்."

"அழல. தானா வருது."

முடிந்ததும் பட்டைகளைக் கழற்றியபடியே அந்தப் பெண் சொன்னாள்: "ரிப்போர்ட் உங்க அதிகாரிகிட்டதான் போகும். ஆனா நீங்க நிம்மதியா போய்ச் சாப்பிடலாம்."

ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே மழை. கேட்டுக்கு வரும் திருப்பத்திலேயே வெள்ளைக் காரைப் போலீஸ் மடக்கியது. உள்ளே மூன்று பேர். தகரப் பெட்டிக்குள் கழற்றி வைத்த துப்பாக்கி, சத்தம் அடக்கும் குழாய், கோடாலி. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. மதியம் வயர்லெஸ்ஸில் காவல்காரர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் பார்த்த காண்டாமிருகங்களைச் சொன்னார்கள். கடைசியில் கோசாவின் குரல் வந்தது: "எல்லாம் இருக்கு. ஒண்ணும் குறையல."

டெலிசிலே கூண்டின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிபோனெலோ கேலி எதுவும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தான், நாலு கரண்டி சர்க்கரையோடு.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வுசி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் இருப்பது ஆபத்து என்று அவனைத் தெற்கே கடற்கரை ஊரில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். டயர் கடை பூட்டிக் கிடந்தது. தோம்பியும் மூன்று பிள்ளைகளும் டெலிசிலேவின் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தார்கள். வழக்கு பதினாலு மாதம் இழுத்தது. இரண்டு பேருக்குச் சிறை. மூன்றாமவன் ஜாமீனில் போய் மறைந்தவன், இன்றுவரை அகப்படவில்லை. அவன் பேரைச் சொன்னால் தோம்பி இப்போதும் கதவைத் தாழிடுவாள்.

வழக்கு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வுசி இளைத்துப்போய் வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் நுழையத் தயங்கி வெளியிலேயே நின்றான்.

"சிசி, மன்னிப்பு கேக்கணும்னு..."

"அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல உன் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ. ஒருத்தன் உதைக்கிறான், ஒருத்தி தூக்கத்துல பாடறா. நான் கட்டில்ல காலை நீட்டிப் படுத்து ஒரு வருஷம் ஆச்சு."

பாத்திரம், போர்வை, பிள்ளைகள் எல்லாம் ஏறி வேன் கிளம்பிப் போனது. டெலிசிலே செருப்பைக் கழற்றினாள். கட்டிலின் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை கையையும் காலையும் பரப்பி விழுந்தாள். கேட்க ஆளில்லாத வீட்டில் தனியாகச் சிரித்தாள்.